இடாப்பில் விடுபட்ட பதக்கங்கள்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)





இந்த மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் கல்வியிலும் பக்தியிலும் வல்லவர்கள். நான் இன்னும் சர்வகலாசாலையிற் சரித்திரம் படித்துக்கொண்டிருக்கும் மாணவன். "படித்ததில் எங்கள் சனத்துக்கு உதவக்கூடியது ஏதாவது இருந்தால் அதைச் சொல்லு" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். ஆகவே, போர்வீரனுடைய சேவை இடாப்பில் எழுதாமல் விடுபட்ட பதக்கங்களைப் பின்னாளில் எழுதுவிப்பது பற்றிப் பேசத் துணிந்தேன்.

செட்டிகுளத்தில் இருந்துகொண்டு இதைப் பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். 2009 ஆம் ஆண்டில் எமது பிரிவிலுள்ள மெனிக் பாம் முகாம்களுக்கு இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட சனங்கள் வந்து சேர்ந்தார்கள். 2012 செப்டெம்பரில் அந்த முகாம் மூடப்படும்வரை அங்கே அதிகமாகக் கேட்ட கேள்வி "உங்கள் பத்திரம் எங்கே?" என்பதாகத்தான் இருந்திருக்கும். பிறப்புப் பத்திரம், காணி உறுதி, அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம் எல்லாவற்றையும் வழியில் விட்டுவந்தவர்கள், தாம் தாமே என்று காட்டுவதற்குப் பட்ட பாட்டை இங்கிருக்கும் பலர் அறிவீர்கள். பத்திரம் தொலைந்தவர்களின் ஊரில் இது தூரத்து விஷயமன்று.

நான் படித்த மிஷன் பாடசாலையில் காலையும் மாலையும் வரவு இடாப்பு அடையாளமிடுவார்கள். "இடாப்பில் இல்லாதவன் வகுப்பில் இல்லை" என்பது எங்கள் ஆசிரியர் ஒருவரின் வாக்கு. பிள்ளைகளை நேரத்துக்கு வரப்பண்ண அது நல்ல வாக்கு. ஆனால் போர்க்களத்தில் நின்ற மனிதன் ஒருவனிடம் போய், இடாப்பில் இல்லாதபடியால் நீ அங்கே நிற்கவில்லை என்று சொன்னால், அது நியாயமாகுமா?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பதக்கம் என்றவுடன், புலவனுக்கு யானை கொடுத்ததுபோல அரசன் மகிழ்ந்து கொடுக்கும் பரிசில் என்று நினைத்துக்கொள்கிறோம். இராணுவப் பதக்கங்களிற் பெரும்பாலானவை அத்தகையனவல்ல. இன்ன காலத்தில், இன்ன இடத்தில், இத்தனை நாள் சேவை செய்தவனுக்கு இன்ன பதக்கம் என்று விதி இருக்கும். உதாரணமாக, இரண்டாவது உலக மகாயுத்தத்துக்காகப் பிரித்தானிய அரசு ஏற்படுத்திய 'யுத்தப் பதக்கம் 1939-45' என்பதற்கு, 1939 செப்டெம்பர் 3 ஆந் திகதிக்கும் 1945 செப்டெம்பர் 2 ஆந் திகதிக்கும் இடையில் 28 நாள் முழுநேரச் சேவை செய்திருந்தாற் போதும். அந்த 28 ஆம் நாள் பொழுதுபடும்போதே அவன் அதற்கு உரித்தாளி. அது கூலி, தானமன்று. மற்ற வகை, வீரச்செயலுக்குரியது. அதனை ஒருவர் கண்டிருக்க வேண்டும், கண்டதை எழுத வேண்டும், மேலதிகாரி சிபாரிசு செய்ய வேண்டும், மேலிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் வகையில் விடுபட்டதைச் சேர்ப்பது கணக்குத் திருத்தம் போன்றது. இரண்டாம் வகையில் அது வழக்குப் பேசுவது போன்றது.

இவை விடுபடுவது எப்படி? கெட்ட எண்ணத்தினால் விடுபட்டவை சில. இலிகிதரின் கைச்சோர்வினால் விடுபட்டவை பல. இவ்விரண்டுமல்லாத மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அதனை நான் படித்தறிந்தபோது வியப்படைந்தேன். பத்திரம் முந்திவிட, பதக்கம் பிந்திவிடும். ஐக்கிய அமெரிக்காவில், யுத்தகாலத்திற் காலாட்படையிற் போர்புரிந்து அதற்குரிய சின்னம் பெற்றவர்கள் 'பிரோன்ஸ் ஸ்டார்' என்னும் பதக்கத்துக்கும் உரியவர்கள் என்று 1947 ஆம் ஆண்டில் விதி செய்தார்கள். அப்போது அந்த வீரர்களிற் பெரும்பாலோர் 1945, 1946 ஆம் ஆண்டுகளிலேயே படையை விட்டு விலகி, ஏர் பிடிக்கவும் கடை வைக்கவும் போய்விட்டார்கள். அவர்கள் பெட்டியிலிருந்த விடுகைப் பத்திரத்தில் அது எப்படி இருக்கும்? கேட்டவனுக்குக் கிடைத்தது. விதி மாறியதை அறியாதவன் கேட்கவுமில்லை. கொரிய யுத்தத்தில் நின்றவர்களுக்குக் கொரியக் குடியரசு கொடுக்க முன்வந்த பதக்கத்தை அணிய அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது 1999 ஆம் ஆண்டில். 1953 இல் வீடு திரும்பிய இளைஞன் அதற்குள் கிழவனாகிவிட்டான்.

அங்கே படைவிடுகைப் பத்திரத்துக்கு 1950 ஆம் ஆண்டு தொடக்கம் 'டீ.டீ. 214' என்று பெயர். பெற்ற பதக்கங்களுக்கென்று அதில் ஒரு கட்டம் உண்டு. பிழை கண்டால் அந்தத் தாளை அழித்து எழுதுவதில்லை. 'டீ.டீ. 215' என்னும் திருத்தத் தாள் ஒன்றை அதனோடு சேர்ப்பார்கள். பழைய எழுத்தும் இருக்கும், திருத்தமும் இருக்கும். இது எனக்குப் பிடித்த ஏற்பாடு. எளிய வழியில் முடியாதவற்றைக் கேட்பதற்குப் படைப்பதிவுத் திருத்தச் சபைகள் உண்டு. 1946 ஆம் ஆண்டுக்கு முன் இப்படிப்பட்ட திருத்தத்துக்குச் சட்டசபையில் தனியாள் பேரில் மசோதா கொண்டுவர வேண்டியிருந்தது. ஒருவனுடைய பதக்கத்துக்கு ஒரு சட்டம்! அந்த ஆண்டில் வந்த சட்டம் அதை மாற்றி, சபைகள் அமைய வழி செய்தது. பிழையைக் கண்டறிந்து 3 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. ஆயினும் நீதி வேண்டினால் அந்தக் காலவரையறையைச் சபை தளர்த்தலாம்.

ஆனால் இடாப்பே எரிந்துபோனால்?

எரிந்திருக்கிறது. 1940 செப்டெம்பரில் ஜேர்மனியர் இலண்டன்மேல் வீசிய குண்டுகளால் யுத்த அமைச்சின் களஞ்சியமொன்று தீப்பற்றி, முதலாவது மகாயுத்தத்தில் நின்ற பிரித்தானியப் போர்வீரர்களின் சேவைப் பத்திரங்களில் அரைவாசிக்கு மேல் அழிந்தன. கருகியும் நனைந்தும் மிஞ்சியவற்றுக்கு இன்றும் சுவடிச்சாலையில் 'எரிந்த பத்திரங்கள்' என்றே பெயர். அதனிலும் பெரிது 1973 ஜூலை 12 ஆந் திகதி அமெரிக்காவில் சென் லூயிஸ் நகருக்கு அருகிலிருந்த தேசிய ஆளணிப் பதிவுக் கட்டடத்தில் மூண்ட தீ. 16 முதல் 18 மில்லியன் வரையான கோவைகள் போயின. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையில் தரைப்படையை விட்டு விலகியோரின் கோவைகளில் நூற்றுக்கு 80 வீதம் அழிந்தது. பிரதி எடுத்து வைக்கவில்லை. எவருடைய கோவை போயிற்று என்று சொல்லப் பொருளடக்கமும் இருக்கவில்லை. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கேட்டு வளர்ந்த எமக்கு இந்தச் சேதத்தின் அளவை விளக்க வேண்டியதில்லை.

அதற்குப் பின் அவர்கள் செய்ததையே நாம் கவனிக்க வேண்டும். நனைந்த கோவைகளை வெற்றிட அறைகளில் உலர்த்தினார்கள். எரிந்தவற்றுக்குப் பதிலாக, அந்த மனிதன் வேறெங்கே எழுதப்பட்டிருக்கிறான் என்று தேடினார்கள். ஒவ்வொரு படைப்பகுதியும் காலையில் எழுதிய நாட்குறிப்பில் வந்தவன், போனவன், காயப்பட்டவன் பெயர் இருந்தது. ஆசுபத்திரியில் அனுமதித்த பதிவு இருந்தது. கடைசிச் சம்பளச் சீட்டு இருந்தது. பாருங்கள், அவன் செய்த வீரத்தை எழுத மறந்த அரசாங்கம், அவனுக்குக் கொடுத்த காசை எழுத மறக்கவில்லை! இப்படித் துண்டு துண்டாகச் சேர்த்து மனிதனை மீண்டும் கட்டினார்கள். முகாமிலிருந்து வந்தவர்களுக்குக் கோயிற் கணக்கும், பாடசாலை இடாப்பும், ஞானஸ்நானப் பதிவும் எப்படி உதவினவோ அப்படியே.

இனி வழக்குப் போன்ற வகைக்கு வருவோம். இதற்கு நான் படித்தவற்றுள் மிகச் சிறந்த உதாரணம் ஹென்றி ஜோன்சன் என்னும் கறுப்பின வீரருடையது. அவர் நியூயோர்க் மாகாணத்தின் அல்பனி நகரப் புகையிரத நிலையத்திற் பெட்டி சுமந்தவர். 1917 ஆம் ஆண்டில் படையிற் சேர்ந்தார். அக்காலத்தில் அமெரிக்கப் படையில் வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாய் நின்று போர் செய்வதில்லை. ஆகவே அவருடைய 369 ஆவது படைப்பிரிவைப் பிரெஞ்சுச் சேனாபதிகளின் கீழ் விட்டார்கள். 1918 மே மாதத்தில் ஓரிரவு ஆர்கோன் காட்டோரத்தில் ஜோன்சனும் நீதாம் ரொபேட்ஸ் என்பவரும் காவல் நின்றபோது, குறைந்தது 12 பேர் கொண்ட ஜேர்மன் கூட்டமொன்று அவர்கள்மேல் விழுந்தது. ரொபேட்ஸ் காயப்பட்டு விழுந்தார். ஜோன்சன் கைக்குண்டு வீசினார், சுட்டார். துப்பாக்கி இறுகிப்போக, அதன் பிடியால் அடித்தார். பின்பு கத்தியை எடுத்தார். தோழனைப் பகைவர் சிறைகொண்டு போகாதபடி காத்தார். அவர் உடம்பில் 21 காயங்கள்.

பிரெஞ்சு அரசு தன் 'குருவா த கேர்' என்னும் யுத்தச் சிலுவையை அவருக்கு அளித்தது. 1919 இல் நியூயோர்க் வீதியில் அவர் படைப்பிரிவு ஊர்வலம் வந்தபோது சனங்கள் ஆரவாரித்தார்கள். ஆனால் அவர் கையிற் கொடுத்த விடுகைப் பத்திரத்தில் ஒரு காயமும் எழுதப்படவில்லை. 21 காயம் பட்ட உடம்பு, காயமேயில்லாத கடதாசி! தம் சொந்த நாட்டின் வீரப்பதக்கம் ஒன்றும் பெறாமல் 1929 இல், நாற்பது வயதைக்கூட எட்டாமல் அவர் இறந்தார்.

அவர் இறந்து 67 ஆண்டு கழித்து, 1996 இல், காயப்பட்டோர்க்குரிய 'பேர்ப்பிள் ஹார்ட்' பதக்கம் அவர் பேருக்கு வந்தது. 2002 இல் அடுத்த உயர்ந்த விருதாகிய விசேட சேவைச் சிலுவை வந்தது. அதே காலத்தில், ஏழைகளின் குழியில் எங்கோ புதைக்கப்பட்டார் என்று அல்பனி மக்கள் எண்ணியிருந்த அவருடைய கல்லறை, ஆர்லிங்டன் தேசிய மயானத்திலே, படை மரியாதைக்குரிய இடத்திலே இருப்பது தெரியவந்தது. அதுவும் ஓர் இடாப்பைப் புரட்டியதால் தெரிந்ததே. அதியுயர்ந்த 'மெடல் ஒவ் ஒனர்' பதக்கத்துக்கு அக்காலத்துச் சாட்சியம் வேண்டும். போர் நடந்த சில நாட்களில் சேனாதிபதி பெர்ஷிங் அனுப்பிய செய்தி ஒன்றிலே ஜோன்சனின் செயல் சொல்லப்பட்டிருப்பதை சென்னட்டர் ஷூமரின் அலுவலகத்தார் தேடியெடுத்தார்கள். கெஞ்சிக் கேட்ட கடிதங்கள் எத்தனையோ போயிருக்கும். கதவைத் திறந்தது அந்தப் பழைய தாள். 2015 ஜூன் 2 ஆந் திகதி ஜனாதிபதி ஒபாமா அந்தப் பதக்கத்தை வழங்கினார்.

இந்தக் கதையில் இன்னொரு பகுதி உண்டு. ஜோன்சனின் மகன் என்று நம்பியிருந்த ஒருவர், தாமும் ஒரு படைவீரர், தம் வாழ்நாளில் இந்தப் பதக்கத்துக்காக மிகவும் பாடுபட்டார். கடைசியில், பதக்கத்தை வாங்கும் உறவினர் யாரென்று அரசாங்கம் பத்திரங்களை ஆராய்ந்தபோது, அவருக்கும் ஜோன்சனுக்கும் இரத்த உறவு இல்லையென்று தெரிந்தது. ஆகவே நியூயோர்க் தேசிய காவற்படையின் அதிகாரி ஒருவரே ஜோன்சனின் சார்பில் பதக்கத்தைப் பெற்றார். அந்தக் குடும்பத்துக்கு அது எவ்வளவு நோவாக இருந்திருக்கும்! பத்திரம் இருபுறமும் வெட்டும் வாள். எமக்கு வேண்டிய உண்மையை மட்டும் அது சொல்லாது. இதைத் தாங்க மனமில்லாதவர்கள் பழைய பெட்டியைத் திறவாமல் இருப்பது நல்லது என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்த மனிதரின் உழைப்பு வீணன்று. யாருக்கு மகன் என்பதிற் பிழைத்திருக்கலாம். யார் வீரன் என்பதில் அவர் பிழைக்கவில்லை.

இவரைப்போலப் பலர். இரண்டாவது மகாயுத்தத்துக்காக அந்த உயர்ந்த பதக்கம் 400 க்கு மேற்பட்டோர்க்கு வழங்கப்பட்டது. அவர்களில் ஒருவர்கூடக் கறுப்பினத்தவர் இல்லை. 1990 களில் ஆராய்ச்சி செய்து, 1997 ஜனவரியில் 7 பேருக்கு வழங்கினார்கள். அன்று உயிரோடிருந்தவர் வேர்னன் பேக்கர் ஒருவரே.

இடாப்பை எழுதுபவன் யார் என்பது சிறிய கேள்வியன்று. எமது வன்னியிலேயே, ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில், பண்டாரவன்னியன் பெயர் பொறித்த கல் ஒன்று இருந்தது. அந்த ஆங்கிலக் கல் சொன்னது அவனுடைய வீரத்தையல்ல. 1803 அக்டோபர் 31 ஆந் திகதி கப்டன் திறிபேர்க் அவனைத் தோற்கடித்ததை. வென்றவன் எழுதிய இடாப்பு அது.

ஒரே படைக்குள்ளும் இது நேரும். 1999 ஆம் ஆண்டுக் கார்கில் போரில் பட்டாலிக் பகுதியில் 70 ஆவது காலாட் பிரிகேட்டை நடத்தியவர் பிரிகேடியர் தேவிந்தர் சிங். போருக்குப் பின் எழுதிய அறிக்கைகளில் அவர் செய்தவை குறைக்கப்பட்டன. அவருக்குக் கிடைத்தது விசிட்ட சேவா பதக்கம்; அது போர்க்கள வீரத்துக்கென ஏற்பட்ட விருதன்று. 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஆயுதப்படை நியாயசபை 2010 மே மாதத்தில் அவர் வழக்கைத் தீர்த்தது. மேலிருந்த கோர் தளபதி பட்சபாதமாக நடந்தார் என்று கண்டு, அவருக்குப் பாதகமாக எழுதியவற்றை நீக்கவும், பட்டாலிக் போரின் உத்தியோக வரலாற்றைத் திருத்தவும் சொல்லிற்று. சண்டை சில கிழமைகளில் முடிந்தது. அதை எழுதிய தாளைத் திருத்த 11 ஆண்டு சென்றது.

தமிழர்க்கு நெருங்கிய உதாரணமும் இந்தியாவிலேயே உண்டு. மலாயாவில் இறப்பர் பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளர் பலர் 1943 ஆம் ஆண்டு தொடக்கம் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்தார்கள். சென்னையிற் பிறந்த டாக்டர் லட்சுமியின் தலைமையில் பெண்களும் துப்பாக்கி தூக்கினார்கள். பிரித்தானிய இந்தியப் படையிலிருந்து வந்தவனுக்காவது அந்தப் படையின் இடாப்பில் ஒரு பெயர் உண்டு. தோட்டத்திலிருந்து வந்தவனுக்கு அதுவுமில்லை. 1972 ஆகஸ்டு 15 இல் இந்திய அரசு சுதந்திரப் போராட்ட வீரர்க்கு ஓய்வூதியம் ஏற்படுத்தியபோது, நீ அங்கே இருந்தாய் என்பதற்கு அத்தாட்சி என்ன என்ற கேள்வி வந்தது. சிறைப் பத்திரம் இல்லாதவன், தன்னோடு சிறையிருந்த இருவரின் சாட்சிக் கடிதத்தைக் காட்டலாம் என்று விட்டார்கள். காகிதம் இல்லாத இடத்தில் தோழன் காகிதமானான். காலம் பிந்தி விண்ணப்பித்தான் என்பதற்காக மட்டும் ஒருவனைத் தள்ளிவிடக் கூடாது என்று இந்திய உயர் நீதிமன்றம் 1993 இற் சொல்லிற்று. குற்ற வழக்கிற்போல ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கச் சொல்லக்கூடாது, நிகழ்ந்திருக்கக்கூடியதென்று காட்டினாற் போதும் என்று 2001 இற் சொல்லிற்று. அரை நூற்றாண்டுக்கு முன் காட்டில் நடந்ததற்குக் கந்தோர்ச் சீட்டுக் கேட்பது எவ்வளவு அறிவீனம் என்பதை நீதிபதிகள் உணர்ந்திருக்கிறார்கள்.

இனி எமது ஊர். இரண்டாவது மகாயுத்தம் எங்கோ நடந்ததென்று எண்ணாதீர்கள். 1942 ஏப்ரிலில் கொழும்பின்மேலும் திருகோணமலையின்மேலும் யப்பானியர் குண்டு வீசினார்கள். வவுனியாவில் பிரித்தானிய ஆகாயப்படையின் விமானத்தளம் இருந்தது. எமது அயலில் ஒரு முதிய அம்மையார் இருக்கிறார். அவருடைய தகப்பனார் அந்த யுத்தகாலத்தில் பிரித்தானியப் படையின் போக்குவரத்துப் பகுதியில் லொறி ஓட்டியவர். பத்திரங்கள் இருந்த தகரப்பெட்டி இடப்பெயர்விற் போய்விட்டது. பதக்கம் ஒன்று மட்டும், சேலைத் தலைப்பில் முடிந்திருந்தபடியால், மிஞ்சியது. "இன்னொன்று வரவேண்டும் என்று ஐயா சொல்லிக்கொண்டிருந்தவர், வரவேயில்லை" என்கிறார் அம்மையார்.

அந்தப் பதக்கத்தை நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதிற் பெயரில்லை. பிரித்தானியா அந்த யுத்தத்துக்குக் கொடுத்த பதக்கங்களில் வீரர் பெயரைப் பொறிக்கவில்லை. இந்தியாவும் அவுஸ்திரேலியாவும் தென்னாபிரிக்காவும் தத்தம் வீரர்க்குப் பெயர் பொறித்தே கொடுத்தன. ஆகவே அம்மையாரின் கையிலிருப்பது யாருடையது என்று அந்த உலோகம் சொல்லாது. கடதாசிதான் சொல்ல வேண்டும். அந்தப் படையில் நின்ற பலருக்குப் பதக்கம் தானாக வீடு தேடி வரவில்லை. விண்ணப்பம் எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. ஆங்கிலத்திற் கடிதம் எழுதத் தெரியாத லொறிச் சாரதிக்கு இதை யார் சொல்லியிருப்பார்கள்?

அடுத்த தடை எமது பெயர்கள். தகப்பன் பெயர் முன்னே, தன் பெயர் பின்னே. குடும்பப் பெயர் என்பது எமக்கில்லை. வெள்ளைக்கார இலிகிதருக்கு எது பெயர், எது தலையெழுத்து என்று தெரியாது. கந்தையா என்ற ஒரு பெயரை ஆங்கிலத்திற் 'கே' எழுத்தில் தொடங்கினவனும் உண்டு, 'சீ' எழுத்தில் தொடங்கினவனும் உண்டு. முடிவில் 'எச்' போட்டவனும் உண்டு, போடாதவனும் உண்டு. தகப்பன் பெயரில் ஒரு தாளும், தன் பெயரில் மற்றத் தாளுமாக, ஒரே மனிதன் இடாப்பில் இருவராகிவிடுவான். ஆதலால் தேடுபவர்கள் எத்தனை விதமாய் எழுதலாமோ அத்தனை விதத்தையும் எழுதிக்கொண்டு தேட வேண்டும். இன்ன இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து வைக்கவும் வேண்டும். பெயரைவிட உறுதியானது படையிலக்கம். அந்த இலக்கம் ஒரு பழைய கடித உறையில் இருந்தாலும் போதும்.

கேட்கும் இடம் இங்கிலாந்தில் குளொஸ்டர் நகரத்தை அடுத்த பாதுகாப்பு அமைச்சின் பதக்கக் கந்தோர். வழங்காமல் விடப்பட்ட பதக்கத்தை, வீரர் இறந்திருந்தால், வாழ்க்கைத் துணை கேட்கலாம். துணையும் இல்லையாயின் மூத்த பிள்ளை. அதன்பின் மூத்த பேரப்பிள்ளை. இது இரண்டாவது மகாயுத்தத்துக்கும் அதற்குப் பிந்திய காலத்துக்குமே. முதலாவது யுத்தத்துப் பதக்கங்களை இப்போது கொடுப்பதில்லை. அந்தக் கதவு மூடியாயிற்று. எமது அம்மையார் மூத்த பிள்ளை. பிறப்புப் பத்திரத்தின் புதிய பிரதி எடுத்து, சத்தியக் கடதாசியும் முடித்து, விண்ணப்பம் போயிருக்கிறது. மறுமொழி இன்னும் வரவில்லை.

இதைச் செய்துகொண்டிருந்தபோது இரண்டு பெரியவர்கள் என்னிடம் ஆட்சேபித்தார்கள். ஒருவர், "வெள்ளைக்காரன் சண்டையில் வெள்ளைக்காரன் தகட்டுக்கு ஏன் இந்தப் பாடு?" என்றார். போரிற் பட்டவனின் பெயரையும் செயலையும் எழுதிவைப்பது வெள்ளைக்காரனிடம் கற்றதன்று. நடுகல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் புறத்திணையியலிற் சொல்கிறது. செங்கத்து நடுகற்களைப் பாருங்கள்: இன்ன அரசனின் இன்ன ஆண்டில், இன்னான் மகன் இன்னான், ஆநிரை மீட்டுப் பட்டான் என்று இருக்கும். ஆண்டு, தலைவன், பெயர், செயல். ஒரு சேவை இடாப்பில் இதற்குமேல் என்ன வேண்டும்? சண்டை யாருடையதாயினும், இரவெல்லாம் விளக்கில்லாமல் லொறி ஓட்டிய கை எமது ஊர்க் கை.

மற்றவர் கேட்டது ஆழமானது. "பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்று கீதை சொல்லுகிறது, நீ பலனுக்கு மனுப் போடச் சொல்லுகிறாயே?" என்றார். இதை நான் பல நாள் யோசித்தேன். பலனை வேண்டாமென்று விடுவது செய்தவனுக்கு அழகு. ஆனால் கொடுக்கக் கடமைப்பட்டவன், அவன் கேட்கவில்லைத்தானே என்று வைத்துக்கொள்ள அங்கே இடமில்லை. வயல் வெட்டினவன் கூலி கேளாமற் போனால், போடியார் கடனாளியாகாமல் விடுவாரா? சித்திரா பௌர்ணமியன்று கோயிலிற் சித்திரபுத்திரனார் கதை படிக்கக் கேட்கிறோம். அவருடைய ஏட்டில் எவர் செய்ததும் விடுபடாது என்று நம்புகிறோம். கந்தோர் இலிகிதர் சித்திரபுத்திரனார் அல்லரே. அவருடைய ஏட்டுக்குத் திருத்தம் வேண்டும்.

சங்கத்து வாலிபர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவே. உங்கள் வீட்டிலோ அயலிலோ யுத்தகாலத்திற் படையில் நின்றவர், அல்லது அவருடைய பிள்ளை, இருந்தால் இந்த மாதமே போய் இருந்து கேளுங்கள். எந்தப் பகுதியில், எந்த ஆண்டிற் சேர்ந்தார், எங்கே அனுப்பினார்கள், எப்போது விட்டார்கள், கூட நின்றவர் யார், சம்பளம் எந்தக் கந்தோரில் எடுத்தார் என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி, திகதியிட்டு, கையொப்பம் வாங்குங்கள். படம் இருந்தால் சீருடையில் உள்ள சின்னத்தையும் தெரியும்படி பிடியுங்கள். மூலப் பத்திரத்தைக் கையைவிட்டுக் கொடாதீர்கள், எனக்கும் கொடாதீர்கள், பிரதி போதும். அவர் பெயரை எப்படியெல்லாம் எழுதினார்கள் என்பதை மறவாமற் கேளுங்கள். செயலாளரிடம் ஒரு கொப்பி கொடுத்திருக்கிறேன். முதற் பக்கத்தில் லொறி ஓட்டிய அந்தப் பெரியவரின் பெயர், ஐந்து விதமாக எழுதியபடி இருக்கிறது. இரண்டாம் பக்கம் வெறுமையாக இருக்கிறது. விடுமுறை முடியுமட்டும் ஞாயிறு பின்னேரங்களில் நான் சங்க மண்டபத்தில் இருப்பேன். ஆங்கிலத்திற் கடிதம் எழுத வேண்டியவர்கள் வரலாம்.